கன்னிமூலை ஜன்னல்

பின்னால பொடக்காலி வழியா வரச் சொன்னதுக்குக் கோவிச்சுக்காதீங்க மேஸ்திரி. முன்வாசல்ல உங்களயும் உங்க கடப்பாறையயும் பாத்தா இந்த வீதியே கூடி நின்னுக்கும். அதுக்குத்தான் இந்தப் பக்கம் புதுசா வந்த ஆளாப் பாத்துக் கூப்பிட்டேன். இந்தாங்க, காப்பியக் குடிங்க. குடிச்சுப்போட்டு, இந்த ரூம்புல அடைச்சு வெச்சிருக்கற ஜன்னல ஒடைச்சுத் தொறந்து உடுங்க. இன்னைக்கே முடியோணும். நாளைக்கு எம் பொண்ணு லோகப்பிரியா பச்சப்புள்ளையோட ஆஸ்பத்திரில இருந்து இங்கதான் வாரா.

ஊட்டுக்காரரா? அவரு பவானி போயிருக்காருங்க. பொழுதோடதான் வருவாரு. வந்தாக் கத்துவாரு, கத்தட்டும். அதுக்குள்ள காத்து வந்திருமல்லங்க?

உள்ள வந்ததும் மூக்கச் சுளிச்சீங்க பாத்தீங்களா, அதேதான். நனஞ்ச கோணிச்சாக்கு நாத்தம். பீரோவுக்குப் பொறத்தால எட்டிப் பாருங்க. அழுக்கா? அழுக்குன்னா தொடச்சாப் போயிரோணுமல்ல? இது தொடச்ச வாரத்துலயே மறுக்கா வந்து உக்காந்துக்குது. பூசணமுங்க. ஊறுகாய்ல பூக்குமே, அதுக்குப் பங்காளி.

பைப்பு ஒழுகுதுங்கறீங்களா? நானும் அப்படித்தான் நெனச்சேன். பால் கவர அறுத்து, நாலு பக்கமும் டேப்பு போட்டுச் செவுத்துல ஒட்டி வெச்சுப் பாத்தேன். செவுத்துக்குள்ள தண்ணி இருந்தா கவருக்கு அந்தப் பக்கம்தான வேர்க்கோணும்? அங்க காஞ்சு கெடக்குது. நம்மளப் பாத்த பக்கம் முத்து முத்தா வேர்த்து நிக்குது. ஈரம் ரூம்புக் காத்துலயே இருக்குதுங்க. பக்கத்துலயே சமையக்கட்டு, சோத்து ஆவி. மழ நாள்ல துணியும் இங்கயேதான் காயுது. அத்தனையும் எங்க போகும், சொல்லுங்க?

போறதுக்கு வழி இருந்துச்சு. இதே எடத்துல ஜன்னல். பாலக்காட்டுக் காத்து வந்தா, கட்டில்ல போட்ட பெட்சீட்டு பறக்கும். கன்னிமூலையில ஓட்டை இருந்தா ஊட்டு லச்சுமி ஓடிப்போயிருவான்னு ஒரு மகான் சொல்லி, செங்கல்ல வெச்சு அடைச்சாச்சு. லச்சுமிய உள்ள போட்டு அடைச்சா அவளுக்கும் இழுப்பு வந்துருமேன்னு அந்த மனுசனுக்குத் தோணல பாருங்க.

யாருன்னா? வாஸ்துக்காரருங்க. இப்பத்தான் தடுக்கி உழுந்தா ஒரு வாஸ்துக்காரரு மேலதான உழுகறோம். பேரா? அந்தப் பேரு என் வாயில வராதுங்க. மில்லுல நூல்கட்டு எண்ணிட்டிருந்தவரு. மில்ல மூடுனாங்க, பஸ் ஸ்டாண்டுல ஒரு புஸ்தகம் வாங்குனாரு. பஸ்ஸு மேட்டுப்பாளையம் போறதுக்குள்ள நிபுணராயிட்டாரு.

பூசணம் புடிச்சிருக்குதுன்னா, பெயிண்டு அடின்னாரு. ரோஸ் கலரு. மாசம் திரும்பல, ரோசு மேல கறுப்புப் பொட்டு, சீலை டிசைனாட்டம். அப்பறம் மூலையில எலுமிச்சம்பழம் கட்டுனாரு. பழமே பச்சப் பூசணம் புடிச்சுத் தொங்குச்சு. அதக் காட்டுனா, பாத்தியா, எவ்வளவு கண்ணு பட்டிருக்குதுன்னாரு!

சிரிக்காதீங்க மேஸ்திரி. லோகப்பிரியாவுக்குச் சின்ன வயசுலயே இழுப்பு. வளகாப்பு முடிஞ்சு வந்து இங்க படுத்தவ, மூச்சு உட முடியாம உக்காந்தே கெடந்தா. ஹால்ல படுக்க வெச்சேன், அடங்கிருச்சு. இப்ப பெத்தவளும் புள்ளையும் கன்னிமூலை ரூம்புலதான் இருக்கோணுமுன்னு மறுக்கா உத்தரவு. அந்தப் புள்ளைக்கு நெஞ்சு என் உள்ளங்கை அகலம் கூட இல்லீங்க. ரூம்பு இடிஞ்சு கெடந்தா எங்க படுக்க வெப்பாரு? அதுக்குத்தான் இன்னைக்கேங்கறேன். செவுரு நல்லாக் காயற வரைக்கும் அவங்க ஹால்லதான்.

ஜன்னலத் தொறந்துட்டு, கறுத்த பூச்சயும் செதுக்கி உட்ருங்க. ஈரத்துணில ஒத்தி எடுத்துப்போட்டுச் செதுக்குங்க, பொடி பறக்கப்படாது. மூஞ்சிக்குத் துண்டு கட்டிக்கங்க. மிச்சத்த ப்ளீச்சிங் பவுடர் கரைச்சு நாங் கழுவிக்கறேன்.

என்னுங்க, கடப்பாறையக் கீழ வெச்சுட்டீங்க? அந்த வாஸ்துக்காரரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கலாமா? அட, அவரும் பவானியிலதானுங்க இருக்காரு. இந்நேரம் எந்தப் புண்ணியவான் ஊட்டு ஜன்னல அடைக்கச் சொல்லீட்டிருக்காரோ.

ரெண்டு பேரும் ஒண்ணாப் போயிருக்காங்களாவா? ஒரே சட்டைக்குள்ளதான் போயிருக்காங்க.

முழிக்காதீங்க. முன்வாசல்ல பெரிய போர்டு தொங்குது, அதுல பேரு இருக்குது. கட்டுன புருசன் பேர நான் எப்படிங்க வாயால சொல்றது? நீங்களே போய்ப் படிச்சுட்டு வாங்க. ஊருக்கெல்லாம் அடைக்கச் சொல்ற மனுசன் தன் ஊட்டு ஜன்னலத் தொறந்தா போர்டு என்னாகறது? அதுக்குப் பேத்தி மூச்ச அடக்கிக்கோணுமாமா!

போறதுன்னாப் போங்க. கடப்பாறைய மட்டும் இங்கயே வெச்சுட்டுப் போங்க. நீங்க திரும்பி வரலீன்னா, நானே இடிச்சுக்கறேன்.