ராட்சசியின் மூக்கு

விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் சேத்தியாத்தோப்பு பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண் கையில் ஒரு வாரப் பத்திரிகை, படக்கதைப் பக்கத்தில் விரிந்திருந்தது. பக்கத்திலிருந்த இளைஞனிடம் கேட்டாள்:

“ராட்சசிக்கு ஏன் என் மூக்கப் போட்டீங்க?”

அவன் நகக்கண்ணில் நீலச் சாயம் ஒட்டியிருந்தது.

“பகலெல்லாம் பீங்கான் பொம்மைக்குக் கண்ணு எழுதற கை இது. இளவரசிய வரைஞ்சாலும் பொம்மையாத்தான் வருது. ரெண்டு தடவ கதையத் திருப்பி அனுப்பிட்டாங்க. ராட்சசியாச்சும் உசுரோட இருக்கட்டும்னு ஒன்ன நெனச்சு வரைஞ்சேன். ஒடனே எடுத்துக்கிட்டாங்க.”

“மூக்குத்தியக்கூட விடல.”

“ஒங்கப்பா பாத்துட்டாரா?”

“வாராவாரம் அவருதான் மொதல்ல படிக்கிறாரு. பொண்ணு கேக்க வரேன்னீங்களே, அதுக்குப் பயந்துதான் வரலையா?”

அவன் நகத்துச் சாயத்தைச் சுரண்டினான்.

“ஞாயித்துக்கெழம ஒங்கம்மாவ அழைச்சிக்கிட்டு வரச் சொன்னாரு.”

அவன் மூச்சு விட்டது எனக்கே கேட்டது.

“ஒண்ணே ஒண்ணு. கடைசியில ராட்சசியக் கொன்னுடக் கூடாதாம்.”

“நேத்துதான் கொன்னு தபால்ல போட்டேன்.”

“அப்ப தந்தி குடுங்க.”

பஸ் வந்தது. அவர்கள் ஏறவில்லை. தபாலாபீஸ் பக்கம் வேகமாக நடந்தார்கள்.