தேடப்படும் கர்னல்

சும்மா சொல்லாதீங்க சார், தேடுறோம்னு. ஒருத்தரும் தேடல. உங்க சர்வதேசக் கோர்ட்டு பிடிவாரன்ட் போட்டாச்சு, இந்த ஊர்ல ஆபீஸும் திறந்தாச்சு, ஆனா ஆளக் காணோம். கர்னலா இருந்தவன் என்ன குண்டூசியா, பாயத் தட்டித் தேடுறதுக்கு?

தண்ணி வேணாம். உக்காரவும் வேணாம். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அவன் இங்கதான் இருக்கான்னு ஒருத்தன் கையக் காட்டினா, பிடிப்பீங்களா மாட்டீங்களா?

மழுப்பாதீங்க. உங்களுக்குன்னு போலீஸ் கிடையாது, சரி. எங்க போலீஸ்தான் பிடிக்கணுமா? அவங்க இன்னும் யாருக்கு சல்யூட் அடிக்கிறாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா? பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்னு நடுவுல நிக்கிறீங்களே.

நான் படிச்சவன் இல்ல. பழைய நாற்காலியத் தலையில சுமந்து வித்து, இப்போ பின்தெருவுல கட்டில், மெத்தைக் கடை வச்சிருக்கேன். பிடிப்போம்னு வாக்கு வாங்காம சரக்கக் காட்ட மாட்டேன். பக்கத்துக் கடைக்காரர் அவன ஒரு கல்யாணத்துல பாத்துட்டு உங்ககிட்ட ஓடி வந்தார்ல? எழுதிக்கிட்டீங்க. மேலிடத்துக்கு அனுப்புறோம்னீங்க. மறுவாரம் அவர் கடைக் கண்ணாடிதான் நொறுங்குச்சு.

பொறுமையா? என் மாமியார் பொறுமையாத்தான் இருந்தாங்க. என் புள்ளைய ஜீப்புல ஏத்தினவனக் கூண்டுல பாத்துட்டுத்தான் சாவேன்னாங்க. போன வருஷம் போய்ச் சேந்துட்டாங்க. இப்போ சாட்சின்னு மிச்சம் என் பொண்டாட்டி ஒருத்திதான். தன் அண்ணன அவன் இழுத்துட்டுப் போனத ஜன்னல் வழியாப் பாத்தவ. நீங்க ஆள் மாத்தி ஆள் வர்றீங்க, ஒவ்வொருத்தரும் முதல்லேருந்து சொல்ல வைக்கிறீங்க. சொன்ன அன்னைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

அவளா? கடையில இருக்கா. வியாபாரம் நடக்குது சார். தன் மகளுக்குக் கட்டில் பாக்க ஒருத்தர் வந்திருக்கார், பேரத்துல சூரன். இவளும் சிரிச்சுச் சிரிச்சு, கொஞ்சம் கொஞ்சமா விலைய இறக்கிட்டிருக்கா. பேரம் முடிஞ்சா எழுந்து போயிடுவானே.

ஆமா சார். அவனேதான். தலை நரைச்சிருக்கு, வேற ஒண்ணும் மாறல.

எழுதாதீங்க. பேனாவக் கீழ வைங்க. இதுக்கு மேல இறக்க அவகிட்ட விலை இல்ல. யாரக் கூப்பிடணுமோ கூப்பிடுங்க, இல்லன்னா செருப்ப மாட்டிக்கிட்டு நீங்களே என்கூட வாங்க. இன்னைக்காவது அவனப் பிடிங்க சார்.