மோந்து பாத்துட்டுக் கேஸ் எழுதுங்க

திருட்டா? சார், குனிஞ்சு ஒரு தடவ மோந்து பாருங்க. பாத்துட்டுச் சொல்லுங்க, இந்த மண்ண எவனாவது திருடுவானா? இப்பவே மூக்கப் பொத்துறீங்க. அப்ப நான் திருடி இல்லன்னு ஆயிருச்சா.

மம்பட்டியக் கீழ போட மாட்டேன். நீங்க பாட்டுக்குப் பேசுங்க, நான் பாட்டுக்கு அள்ளுறேன். காது சும்மாதான இருக்கு.

சித்தாளு வேலை சார். பக்கத்துல எழும்புது பாருங்க கட்டடம், அங்கதான் செங்கல்லு சுமக்குறேன். இன்னிக்கு லீவு போட்டுட்டு இங்க சுமக்குறேன். அங்க சுமந்தா கூலி வரும், இங்க சுமந்தா போலீஸ் வருது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பிள்ளைங்க விளையாடுற மணல் தொட்டின்னு தெரியும். தெரிஞ்சுதான் அள்ளுறேன். சாயங்காலம் பிள்ளைங்க வர்றதுக்குள்ள அடித்தரை தெரியணும். அதுக்கப்புறம் என்ன எங்க வேணா கூட்டிட்டுப் போங்க.

புகார் குடுத்தது யாரு, குடியிருப்போர் சங்கத்துச் செயலாளரம்மாவா? அந்தா, நாயத் தூக்கி இடுப்புல வெச்சுக்கிட்டு நிக்கிறாங்களே, அவங்கதான? நான் கடிச்சிருவேன்னு பயம் போல, நாய்க்கு.

கேளுங்க கதைய. முன்னாடி இந்தப் பூங்காவுல நாயெல்லாம் நடைபாதையிலதான் போகும். மிதிச்சவன் எல்லாம் சண்டைக்கு வந்தான். உடனே சங்கத்துல கூடிப் பேசி ஒரு போர்டு வெச்சாங்க, பாதையில நாய் அசிங்கம் பண்ணினா அபராதம்னு. மறுநாள்லேருந்து பாதை பளபளன்னு ஆயிருச்சு. அதுக்காக நாய் என்ன நிறுத்திருச்சா? எல்லாரும் நேரா இந்தத் தொட்டிக்குக் கூட்டிட்டு வந்துட்டாங்க. நாய்க்கும் மண்ணு தோதா இருக்கு. போகும், பின்னங்காலால ரெண்டு தள்ளு தள்ளி மூடும், வாலாட்டிக்கிட்டே நடையக் கட்டும். யாரும் குனிய வேணாம், அள்ள வேணாம். காலையில தோட்டக்காரரு வந்து வாரியால ஒரு இழுப்பு இழுத்து விட்டாருன்னா, எண்ணெய் வெச்சு வாரின தலை மாதிரி இருக்கும். உள்ள என்ன இருக்குன்னு எவனுக்குத் தெரியும்.

சொல்லாம இருப்பேனா. அந்தம்மாகிட்டயே போய்ச் சொன்னேன். எங்க நாய் வெளிநாட்டு பிஸ்கெட்டுதான் சாப்பிடுது, அதுக்குக் கிருமியெல்லாம் கிடையாதுன்னாங்க. வெளிய வரும்போதும் பிஸ்கெட்டாவே வருதாம்மான்னு கேட்டேன். அன்னியிலேருந்து எனக்கு வாய் நீளமாம். நீளந்தான். கை நீளம் இல்ல, அத எழுதிக்குங்க.

என் பிள்ளை, என் பிள்ளைன்னு கொஞ்சுறாங்க. சரி, பிள்ளையாவே இருக்கட்டும். பிள்ளைக்குக் கழுவி விடுறது யாரு, பெத்தவங்கதான? கொஞ்சுறதுக்கு அவங்க, கழுவுறதுக்கு ஊராளா?

நாய் மேல எனக்கென்ன கோவம். அது பாவம், கக்கூஸ் எங்கன்னு வாயத் தொறந்து கேக்கவா முடியும்.

காஞ்சிருச்சேன்னா? ஆமா, காஞ்சு பொடிஞ்சு மண்ணோட மண்ணாயிரும். வில்லங்கமே அதுலதான். அதுல புழு முட்டை இருக்குமாம். கண்ணுக்கே தெரியாதாம். அசிங்கம் மறைஞ்சாலும் முட்டை மாசக்கணக்குல உசுரோட கிடக்குமாம், மழைக்கும் அசையாதாம். பிள்ளைங்க மண்ணுல வீடு கட்டும், அதே கைய வாயில வைக்கும். முட்டை வயித்துல போயிப் பொரிச்சு, புழு ரத்தத்தோட ஊர் சுத்தக் கிளம்பிருமாம். ஈரலுக்குப் போகும், நுரையீரலுக்குப் போகும், எங்க வேணா போகும். ஒரு டாக்டரு படம் வரைஞ்சு காட்டினாரு. புழுவோட பேரும் சொன்னாரு, எனக்கு வாயில நுழையல. நான் மூணாவதோட பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவ.

பயமில்லாம என்ன, அதான் கையில பிளாஸ்டிக் பைய மாட்டியிருக்கேன். நீங்களும் தொட்டுடாதீங்க.

அள்ளினத எல்லாம் மூட்டை கட்டி வேலியோரமா அடுக்கியிருக்கேன். ஒரு பிடி மண்ணு வீட்டுக்குப் போகல. புது மண்ணு போட்டு மேல மூடி போடட்டும், யாரு வேணாங்கறா. இல்ல, இதையேதான் திரும்பக் கொட்டுவோம்னா, நானும் திரும்ப அள்ளுவேன். கொட்டுறதுக்கு அவங்க ஆள் தேடணும். அள்ளுறதுக்கு நான் ஒருத்தி போதும்.

மன்னிப்பா? அந்தம்மாகிட்டயா? கேஸே எழுதிக்குங்க சார், அது சுலபம்.

அவ்வளவுதான், இந்த மூலையோட முடிஞ்சிருச்சு. பாருங்க, தரை தெரியுது. வாங்க ஸ்டேஷனுக்குப் போலாம். ஜீப்புலதான கூட்டிட்டுப் போவீங்க? நடக்க விட்டுறாதீங்க, முதுகு கழண்டு கிடக்கு.

இருங்க, என் பொண்ணு அந்தப் பெஞ்சுல உக்காந்திருக்கா, அவளையும் கூட்டிக்கிறேன். போன வருஷம் பூரா, நான் கல்லு சுமக்குற நேரமெல்லாம் அவ இந்தத் தொட்டிக்குள்ளதான் கிடப்பா. நீங்களே கூப்பிடுறீங்களா? சரி, கூப்பிடுங்க. சார், சார், அந்தப் பக்கமாப் போகாதீங்க, திடுக்குன்னு பயந்துருவா. இடது பக்கமாப் போய்க் கூப்பிடுங்க. வலது கண்ணு இப்பத் தெரியாது அவளுக்கு.