ஏதோ ஒரு சாஃப்ட்வேர்

விலை குறைந்தது என்றாலே மட்டமானது என்று நினைப்பவர்கள் நம் வானியல் சங்கத்தில் நிறையப் பேர். எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. ஒரே முறை பணம் கட்டி வாங்கும் சின்ன சாஃப்ட்வேர் ஒன்று, வருடா வருடம் சந்தா கேட்கும் பெரிய சாஃப்ட்வேர் செய்கிற வேலையில் முக்கால்வாசியைச் செய்துவிடும். மீதியை நம் கைதான் செய்ய வேண்டும்.

செயலாளரான நீங்கள், அண்ணன் நினைவாக வரப்போகும் இதழுக்கு என்னிடம் ஒரு கட்டுரை கேட்டீர்கள். "புதுசா வர்றவங்களுக்குக் கையைக் கடிக்காத மாதிரி, வானத்துப் படங்கள்ல நாய்ஸ் எடுக்கறதுக்கு எது நல்லதுன்னு எழுதிக் கொடுங்க. உங்க அண்ணன் படமெல்லாம் பட்டு மாதிரி இருக்குமே, அதுக்கு என்ன சாஃப்ட்வேரோ அதையே எழுதிடுங்க" என்றீர்கள். சரி என்று தலையாட்டினேன். அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் நாய்ஸ் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். இருட்டில் எடுத்த எந்தப் படத்தைப் பெரிதாக்கினாலும் மணல் தூவினாற்போல் இருக்கும். கேமரா தானாகப் போட்டுக்கொள்கிற மணல் அது. ஒரே இடத்தை அடுத்தடுத்துப் பல முறை படமெடுத்தால், மணல் ஒவ்வொரு படத்திலும் வேறு வேறு இடத்தில் விழும். நட்சத்திரம் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். இந்த ஒரு வித்தியாசத்தை வைத்துத்தான் எல்லா சாஃப்ட்வேரும் பிழைக்கின்றன.

நான் வானம் பார்ப்பவன் இல்லை. ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் படம், கல்யாணப் படம். என் பிழைப்பே முகத்திலிருந்து பருவையும் மச்சத்தையும் எடுப்பதுதான். அதனால் அண்ணன் என்னை 'பவுடர்' என்று கூப்பிடுவார். அவர் லிஃப்ட் மெக்கானிக். பகல் முழுக்க அடுக்குமாடிகளின் உச்சியில் மோட்டார் அறைக்குள் கிடந்துவிட்டு வந்து, இரவில் தன் வீட்டு மொட்டை மாடியில் டெலஸ்கோப்பை நிறுத்துவார். மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் கேமரா கார்டை என் மேஜையில் வைத்துவிட்டுப் போவார். நான் படங்களை என் டிஸ்க்கில் இறக்கிக்கொண்டு கார்டைக் காலிசெய்து திருப்பித் தருவேன். அசல் படங்கள் என்னிடம் மட்டும்தான் இருக்கும். எல்லாவற்றையும் ஒன்றாக்கிச் சுத்தம் செய்து நான் அனுப்புகிற ஒற்றைப் படத்தைத்தான் அவர் பார்ப்பார்.

"டேய் பவுடர், இவங்க யாரும் கல்யாணம் பண்ணிக்கப் போறதில்ல. ரொம்பப் பூசிடாத" என்பார்.

அழகுக்காக அவர் படமெடுக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். குறித்து வைத்த சில கேலக்ஸிகளைத் திரும்பத் திரும்ப எடுத்து, பழைய படத்தையும் புதிய படத்தையும் மாற்றி மாற்றித் திரையில் காட்டி, முன்பு இல்லாத புள்ளி எதுவும் வந்திருக்கிறதா என்று பார்ப்பார். வெடித்து ஒளிர்கிற நட்சத்திரம் ஒன்றை உலகத்தில் வேறு யாரும் பார்ப்பதற்கு முன் பார்த்துச் சொல்லிவிட வேண்டும். அப்படிச் சொன்னவர் பெயர் அந்த நட்சத்திரத்தின் குறிப்பில் நிலைத்துவிடும். அவர் ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான். லிஃப்டில் போகிற யாரும் அதைச் சரிசெய்தவன் பெயரைக் கேட்பதில்லை என்று சிரித்துக்கொண்டே சொல்வார்.

மூன்று சாஃப்ட்வேர்களை நான் சோதித்தேன். முதலாவது இலவசம், ஆனால் அதைப் பழகி முடிப்பதற்குள் தலை நரைத்துவிடும். இரண்டாவது, முன்பு சொன்ன சின்னது. மூன்றாவது சந்தாக்காரன், கொஞ்ச நாள் சும்மா பயன்படுத்தக் கொடுப்பான், பிறகு கழுத்தில் துண்டைப் போடுவான். எதை வாங்கினாலும் ஒரு சோதனை செய்யுங்கள். சுத்தம் செய்யாத படத்திலிருந்து சுத்தம் செய்த படத்தைக் கழியுங்கள். சாஃப்ட்வேர் எடுத்துப் போட்டது எதுவோ அது மட்டும் மிஞ்சும். மிஞ்சியதில் மணல் மட்டும் இருந்தால் நல்ல சாஃப்ட்வேர். நட்சத்திரமும் இருந்தால் அது திருடுகிறது என்று அர்த்தம்.

சின்ன சாஃப்ட்வேரையே அண்ணனுக்குச் சொன்னேன். "நீ சொன்னா சரிதான்டா" என்றார். விலையைக் கேட்டு அண்ணி கூட, "அவ்வளவுதானா? நான் வீட்டை அடமானம் வைக்கணுமோன்னு பயந்தேன்" என்று சிரித்தார்.

நம் சங்கத்தின் கண்காட்சிக்கு அவர் ஒரு கேலக்ஸி படம் கொடுத்தார். அதை மணல் போக, ஆனால் மெழுகு பொம்மை போல வழுக்காமல் கொண்டுவர நான் பல நாள் உட்கார்ந்திருந்தேன். சாஃப்ட்வேர் போட்டது முதல் பூச்சு மட்டும். மீதி என் கை. படத்துக்குக் கீழே அண்ணன் பெயர் இருந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை. கண்ணாடி போட்ட ஒரு டாக்டர் படத்துக்கு முன்னால் நின்று, "பட்டு மாதிரி இருக்கே, எப்படிங்க பண்ணீங்க?" என்று கேட்டார். டீக் கப்போடு நான் அண்ணனுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

"அது ஒண்ணுமில்லைங்க. ஏதோ ஒரு சாஃப்ட்வேர்" என்றார் அண்ணன்.

அவருக்கு அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கூச்சத்தில் சொன்னது. திரும்பி வரும்போது அவர் வேனில், "எல்லாரும் அசந்துட்டாங்கடா பவுடர்" என்று என் தொடையில் தட்டினார். நானும் ஆமாண்ணா என்றேன். அவ்வளவுதான் நடந்தது. இதைவிடப் பெரிதாக அவர் எனக்கு எதுவும் செய்துவிடவில்லை என்பதை இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன்.

அதற்குச் சில வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை எடுத்த படங்களைக் கொண்டுவந்து வைத்தார். சுத்தம் செய்தேன். கேலக்ஸியின் ஓரத்தில், பழைய படங்களில் இல்லாத ஒரு புள்ளி இருந்தது.

மணலாக இருக்கும் என்று அசல் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். எல்லாவற்றிலும் இருந்தது. எல்லாவற்றிலும் ஒரே இடத்தில்.

அந்தப் புள்ளி அண்ணன் பார்த்த படத்தில் இல்லை. மலிவான சாஃப்ட்வேர் அதை மணல் என்று நினைத்து விழுங்கிவிட்டது, எச்சரிக்கையாக இருங்கள் என்றுதான் இந்தக் கட்டுரையை முதலில் எழுதி முடித்திருந்தேன். படிப்பதற்கு நன்றாகவே இருந்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன், ஏனென்றால் நான் அன்றைக்கே கழித்துப் பார்த்தேன். மிஞ்சியதில் மணல் மட்டும்தான் இருந்தது. சாஃப்ட்வேர் எதையும் திருடவில்லை. புள்ளியைப் பத்திரமாக என் கையில் கொடுத்திருந்தது. மணப்பெண்ணின் கன்னத்தில் மச்சத்தை எடுக்கிற அதே பிரஷ்ஷை எடுத்தேன். பக்கத்து இருட்டை அதன் மேல் தடவினேன். ஒரு மச்சத்துக்கு ஆகிற நேரம்கூட ஆகவில்லை.

அந்த நேரத்தில் கோபமாக இருந்தேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். இல்லை. ஒரு நாள், இரண்டு நாள் கழித்து, 'அண்ணா, சாஃப்ட்வேர் கண்ணுக்குத் தப்பிய ஒன்றை நான் பார்த்துவிட்டேன்' என்று நானே போய்ச் சொல்வதாக இருந்தேன். கண்டுபிடித்தது தம்பி என்று அவர் வாயால் ஊருக்குச் சொல்ல வேண்டும். அதற்குள் முகூர்த்த நாட்கள் வந்து ஸ்டூடியோவில் வேலை குவிந்துவிட்டது. அடுத்த வாரத்தில் எங்கோ வேறு நாட்டிலிருந்து ஒருவர் அதைப் பார்த்து அறிவித்துவிட்டார்.

செய்தியைப் பார்த்த அன்று அண்ணன் வேலை உடுப்போடு ஸ்டூடியோவுக்கு வந்தார். மேக்கப் கண்ணாடிக்கு முன்னாலிருக்கும் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அவர் பாத்ததுக்கு முன்னாடியே நான் எடுத்திருக்கேன்டா. அதே கேலக்ஸி. என் படத்துல இல்லையே, எப்படி?"

"நம்ம வானம் அப்படிண்ணா. ஊர் வெளிச்சம். மெல்லிசா இருக்கற புள்ளியெல்லாம் அதுலயே முழுகிடும்."

"அசல்ல ஒரு தடவ பாத்துடலாமா?"

"டிஸ்க்ல இடமில்லண்ணா. அழிச்சிட்டேன்."

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார். "சரி விடு. உனக்கும் கல்யாணப் படம் வைக்க இடம் வேணுமில்ல. வானம் சரியில்லன்னா நல்ல வானத்துக்குப் போயிட வேண்டியதுதான்."

அன்றிலிருந்துதான் அவர் மலைக்குப் போக ஆரம்பித்தார். வேலை முடிந்த களைப்போடு வேனை எடுத்துக்கொண்டு நகரத்து வெளிச்சம் எட்டாத மேட்டுக்கு. விடிகிற நேரத்தில் திரும்பி வந்து, குளித்துவிட்டு நேராக மோட்டார் அறைக்கு. அண்ணி எனக்குப் போன் செய்தார்.

"ஏன் தம்பி, நம்ம வீட்டு மாடிக்கு என்ன குறைச்சல்? கேட்டா, 'பவுடரே சொல்லிட்டான், இங்க வானம் சரியில்ல'ங்கறாரு. சாப்பிடும்போதே தூங்கி விழறாரு. நீ சொன்னாத்தான் கேப்பாரு. சொல்லேன்."

"சொல்றேன் அண்ணி" என்றேன்.

சொல்லவில்லை. சொல்வதென்றால், மாடியில் வானம் நன்றாகத்தான் இருக்கிறது என்பதற்கு நான் அத்தாட்சி காட்ட வேண்டியிருக்கும்.

மலையிலிருந்து திரும்பும் வழியில், சாலையோரம் நின்றிருந்த லாரியில் வேன் போய் மோதியது. பிரேக் போட்ட தடமே இல்லை, தூங்கியிருப்பார் என்று போலீஸ்காரர் சொன்னார். டெலஸ்கோப்பைப் போர்வையில் சுற்றிப் பக்கத்து இருக்கையில் வைத்து பெல்ட் போட்டிருந்தார். அதற்கு ஒரு கீறல்கூட இல்லை. வீட்டு மாடிக்கு அதைத் தூக்கிக்கொண்டு போய் வைத்தது நான்தான். படியேறும்போது என் பின்னாலேயே வந்த அண்ணி, "பாத்து தம்பி, பாத்து" என்று சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு அடி படக் கூடாதாம். அந்தக் குரலைக் கேட்ட பிறகு நான் அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. ஏதாவது சாக்குச் சொல்லி வந்துவிடுவேன்.

வேனில் கிடந்த கார்டும் என்னிடம் வந்தது. அந்தப் படங்களையும் சுத்தம் செய்தேன். மலையில் வானம் நல்ல இருட்டு. புதிதாக எதுவும் இல்லை.

இரங்கல் கூட்டத்தில் நீங்கள் அண்ணியிடம் ஒன்று சொன்னீர்கள். அண்ணன் உங்களிடமும் சொல்லியிருந்த அந்த வெள்ளிக்கிழமைப் படம் கிடைத்து, அதில் புள்ளியும் இருந்தால், அறிவித்தவருக்கு முன்பே இவரும் அதைப் பதிவு செய்திருக்கிறார் என்று எழுதி அனுப்பலாம்; அண்ணன் பெயரும் குறிப்பில் ஏறும் என்று. கூடவே இதையும் சொன்னீர்கள்: "ஆனா ஒண்ணும் தொடாத அசல் வேணும். சுத்தம் பண்ணின படத்துல யார் வேணும்னாலும் ஒரு புள்ளிய வைக்கலாம், ஒரு புள்ளிய எடுக்கலாம்." நீங்கள் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. நான்தான் எழுந்து டீக் கப்புகளைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

அடுத்த நாளே அண்ணி ஸ்டூடியோவுக்கு வந்தார். அதே ஸ்டூலில் உட்கார்ந்தார். "அழிச்சிட்டேன்னு அவர்கிட்ட சொன்னியாம். நீ எதை தம்பி அழிச்சிருக்க? கடை திறந்த அன்னிக்கு எடுத்த முதல் பாஸ்போர்ட் படத்தைக்கூட வச்சிருக்கான், குப்பை சேர்க்கறவன்னு உங்க அண்ணன் சொல்லிச் சிரிப்பாரு. எங்கயாவது இருக்கும். தேடிப் பாரேன். அவர் பேர் ஒரு தடவ வந்துட்டா எனக்குப் போதும்."

"தேடிப் பாக்கறேன் அண்ணி."

தேட வேண்டிய தேவை இல்லை. எந்த டிஸ்க்கில் எந்த மூலையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அண்ணன் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டபோதும் தெரியும்.

நேற்று அவற்றைத் திறந்து பார்த்தேன். எனக்கு நினைவிருந்ததைவிடப் புள்ளி பிரகாசமாக இருந்தது. ஊர் வெளிச்சத்தில் முழுகவில்லை. தேடவே வேண்டாம்; வானத்தைப் பற்றி எதுவும் தெரியாதவர்கூட விரல் வைத்துக் காட்டிவிடுவார். இதைத் தவறவிட்டேன் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அண்ணிக்குக் கணக்குப் போடத் தெரியும். மாடியிலேயே இது கிடைத்திருந்தால் மலை எதற்கு என்று கேட்பார்.

ஆகையால் நடந்ததை உங்களுக்கு மட்டும் முழுதாக எழுதிவிட்டேன். புள்ளியை எடுத்தது நான். வானம் சரியில்லை என்று பொய் சொல்லி அவரை அந்தச் சாலைக்கு அனுப்பியது நான். அசல் இல்லை என்று சொன்னதும் நான். இதை இதழில் போடுவீர்களோ, போலீசில் கொடுப்பீர்களோ, உங்கள் விருப்பம். அண்ணியிடம் மட்டும் காட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இத்துடன் அந்த வெள்ளிக்கிழமைப் படத்தைப் புதிதாகச் சுத்தம் செய்து அனுப்பியிருக்கிறேன். நிதானமாகச் செய்திருக்கிறேன், அண்ணனுக்குப் பிடித்திருக்கும். இந்த முறை புள்ளியைத் தொடவில்லை.

அசல் படங்களை நேற்று அழித்துவிட்டேன். பாவம், அண்ணி இனி எதையும் தாங்க மாட்டார், அவருக்காகத்தான்.