மேட்டுக்காட்டு வீதிப் பச்சைப் பட்டை

ஆமாங்ணா, அந்தப் பொண்ணு நாந்தானுங்க. டெம்போக்காரங்க சொல்லியிருப்பாங்க. காலைல வந்து பச்சைப் பட்டை மேல நிக்கற வண்டியெல்லாம் எடுங்க எடுங்கன்னு உசுரை வாங்கறது நாந்தான். கலெக்டரம்மா வந்துட்டாங்க, வண்டிய நகத்துங்கடான்னு கத்துவாங்க. கத்துனா கத்தட்டுமுங்க. கத்திக்கிட்டே நகத்திருவாங்க, எனக்கு அது போதும்.

இல்லீங்ணா, நான் சண்டைக்கு வரலை. இந்தச் சைக்கிள் பாதையை அழிச்சுட்டு வண்டி நிறுத்த எடம் விடறதுன்னு கவுன்சில்ல தீர்மானம் போட்டாச்சு. பச்சை மேல கறுப்பு பெயிண்ட் அடிக்கச் சொன்னா நீங்க அடிச்சுத்தானே ஆகோணும். நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுங்க. இந்த முக்குல இருந்து அக்கட்டால பனியன் கம்பெனி கேட்டு வரைக்கும் பச்சையை விட்ருங்க. பூரா அகலமும் வேண்டாம். ஓரத்துல ஒரு சாண் இருந்தாப் போதுமுங்க.

சைக்கிளா? எங்கூட்ல சைக்கிளே இல்லீங்ணா.

சிரிக்காதீங்க. நீங்க மட்டுமில்ல, எல்லாரும் இப்படித்தான் சிரிச்சாங்க. குறைதீர் நாள்ல மனுவே குடுத்தனுங்க. பி.காம் முடிச்சிருக்கறேன், எங்கூட்ல காலேஜுக்குப் போன மொத ஆளு நாந்தான், ஒரு மனு எழுதத் தெரியாதான்னு உக்காந்தேன். கூடப் படிச்ச மோனிஷா சொன்னா, ஸ்கூல் பசங்க கூட்டங்கூட்டமா சைக்கிள்ல போறாங்கன்னு எழுதுடி, யாரு வந்து எண்ணிப் பாக்கப் போறாங்கன்னு. எனக்குக் கை வரலீங்ணா. அப்படி யாரும் போறதில்லையே. பசங்க வேன்ல போறாங்க, கம்பெனிக்காரங்க டூவீலர்ல போறாங்க. பொய்யி எழுதி, நாளைக்கு ஒருத்தர் வந்து அந்தப் பசங்க எங்கம்மான்னு கேட்டா நான் என்ன பண்ணுவேன்? அதனால, இந்தப் பாதையை நாள்தோறும் ஒருவர் பயன்படுத்துகிறார்னு எழுதிட்டேன்.

கவுன்சிலர் மகுடேஸ்வரண்ணன் அதை ரெண்டாந்தடவை சத்தமா படிச்சாருங்க. ஏங்கண்ணு, ஒருத்தருக்காக ஒரு ரோடாங்கறார். அந்தப் புண்ணியவான் பேரைச் சொல்லு, நானே மாலையப் போட்டு ஒரு புது சைக்கிளும் வாங்கித் தாறேங்கறார். ரூம்ல இருந்த அத்தனை பேரும் சிரிச்சாங்க. பேரு எனக்குத் தெரியுமுங்க. சொல்லலை. அவரு மேலயும் தப்பில்லீங்ணா. வண்டி நிறுத்த எடமில்லாம இந்த வீதில தெனமும் சண்டைதான். ஒரு பக்கம் அத்தனை வண்டி, இன்னொரு பக்கம் ஒரே ஒரு ஆளு. அந்த நாற்காலில நான் உக்காந்திருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பனோ என்னமோ.

அந்த ஒரு ஆளு எங்கப்பாதானுங்க. பழனிமுத்துன்னு பேரு. அந்தக் கம்பெனில அயன் மாஸ்டர். தெனமும் இதுமேலதான் நடந்து போவார், நடந்து வருவார். சைக்கிள் பாதைல நடக்கக்கூடாதுன்னு சட்டம் இருக்குமோன்னு எனக்கு அது வேற பயம். அதையும் மனுவுல எழுதோணுமான்னு ராத்திரி பூரா யோசிச்சேன்.

நடைபாதையா? காட்டுங்க பாக்கலாம். பேக்கரிக்காரர் ஸ்டூலு, அதுக்கு அடுத்து அட்டைப்பெட்டி, அதுக்கு அடுத்து மூடியில்லாத சாக்கடை. நல்ல ஆளே குதிச்சுக் குதிச்சுத்தான் போகோணும்.

மொதல்ல அப்பா மொபெட்லதாங்க போயிட்டிருந்தார். போன வருசம் திடீர்னு வித்துட்டார். சக்கரைக்கு நடக்கறது நல்லதாம் சாமின்னார். நான் ஒரு கூமுட்டை, எங்கப்பா ஒடம்பைப் பாத்துக்கறாருன்னு மோனிஷாகிட்டப் பெருமையா சொல்லிட்டுத் திரிஞ்சேன்.

அப்புறம் ஒரு நாளு இன்டர்வியூவுக்குப் போறதுக்கு பஸ் ஸ்டாப்புல நின்னுட்டிருந்தனுங்க. அப்பா வர்றார். பச்சை மேல ஒரு டெம்போ நிக்குது. கிட்ட வந்து கையை நீட்டி அதைத் தொட்டார். தொட்டுட்டு நின்னுட்டார். சுத்திப் போலாமில்லீங்க? பத்து அடி எடம் கெடக்குது. போகலை. சாப்பாட்டுப் பையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, ஸ்கூல்ல வெளிய நிக்க வெச்ச பையனாட்ட நிக்கறார். என்ன மாமா, வண்டிக்குக் காவலான்னு டிரைவர் கேட்டதுக்கு, ஆமாப்பான்னு சிரிச்சார். டெம்போ எடுத்ததுக்கப்புறம் கீழ குனிஞ்சு பாத்தார். பச்சை தெரிஞ்சிருக்கும்போல. நடந்தார். நான் எதுத்தாப்புலதான் நின்னேன், அவரு பொண்ணு. என்னையப் பாத்துட்டேதான் போனாரு. யாரோ ஒரு பொண்ணைத் தாண்டற மாதிரி.

அன்னிக்கு இன்டர்வியூவுக்குப் போகலீங்ணா.

கண்ணுங்க. நரம்பு கெட்டுட்டு வருதுங்க. கோயமுத்தூர்ல ஆசுபத்திரிக்குத் தனியாவே போய்ட்டு வந்திருக்கார், சாமி படத்துக்குப் பின்னால சொட்டு மருந்து ஒளிச்சு வெச்சிருக்கார். மருந்துக் கடையில காட்டிக் கேட்டேன். போன பார்வை போனதுதாம்மா, மிச்சம் இருக்கறதைக் காப்பாத்தத்தான் இதுன்னாங்க. அயன் டேபிள்ல பிரச்சனை இல்லீங்க, துணியத் தடவியே சுருக்கத்தைக் கண்டுபுடிச்சிருவார். கம்பெனில கண் பரிசோதனை முகாம் வெச்சாங்க, அன்னிக்கு மட்டும் காச்சல்னு படுத்துக்கிட்டார். எனக்கொரு வேலை கெடைக்கற வரைக்கும் ஓட்டிரலாம்னு நெனச்சிருப்பார். நெனச்சிருப்பாருன்னுதான் சொல்றேன், கேட்டதில்லை.

கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போலாந்தான். புடிச்சா எனக்குத் தெரியும்ங்கறது அவருக்குத் தெரிஞ்சிருமேங்ணா. அதான் முன்னாலயே வந்து வண்டியெல்லாம் எடுக்கச் சொல்லிட்டு, அக்கட்டால ஒதுங்கி நிப்பேன். அவரு வருவார். நிமுந்துட்டு, யாருக்கும் வழி விடாம, பச்சைக்கு நட்ட நடுவுல வருவார். பாக்கறவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது.

ஏனுங்ணா, பிரஷ்ஷைக் கீழ வெச்சுட்டீங்க? அடிங்க. நீங்க விட்டா நாளைக்கு வேற ஆளு வந்து அடிப்பாங்க, உங்க கூலியும் போயிரும். நான் கேட்டது தப்புங்க. இதா, தள்ளி நின்னுக்கறேன்.

இன்னிக்கு ஞாயித்துக்கெழம, தின்னுபோட்டுத் தூங்கறார். நாளைக்குக் காலைல பையத் தூக்கிட்டு இந்த முக்குக்கு வந்து கீழ பாப்பார். அதுக்குள்ள நான் ஊட்டுக்குப் போய்ச் சொல்லியாகோணும். பெருசா ஒண்ணும் பேச வேண்டியதில்லீங்ணா. ரோட்டுல பச்சையை அழிச்சுட்டாங்கப்பான்னு சொன்னாப் போதும். எல்லாத்தையும் சொன்ன மாதிரி ஆயிரும்.