சின்னவனுக்கு நான் போட்ட மார்க்

எனக்கு ரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றும். ஆஸ்பத்திரியில் ரத்தமே இல்லாத வேலை என்பதால்தான் இதில் சேர்ந்தேன். இதயத்தைத் துடிக்க வைக்கும் பேஸ்மேக்கரை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டவர்கள் செக்கப்புக்கு வருவார்கள். அதன் பேட்டரியையும் துடிப்பையும் கம்ப்யூட்டரில் பார்த்து ரிப்போர்ட் எழுதுவேன். டாக்டர் கையெழுத்துப் போடுவார். என் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை சார், படித்தே பார்க்க மாட்டார்.

நீங்கள் கேட்கும் தையலம்மா அப்படி வந்தவர்தான். துணி தைத்துப் பிழைத்தவர். கத்தரிக்கோலைவிட வாய் கூர்மை. தன் பேஸ்மேக்கருக்குச் 'சின்னவன்' என்று பெயர் வைத்திருந்தார். "பெரியவன் ஒரு போன் பண்ண மாட்டேங்கிறான். சின்னவன் ஒரு துடிப்பு தவறவிட்டதில்ல" என்பார். நானும் வாத்தியார் மாதிரி, "பையன் நல்லா படிக்கிறாம்மா, நூத்துக்குத் தொண்ணூறு" என்பேன். பூரித்துப்போவார். என் சட்டையில் பொத்தான் தொங்கினால் அங்கேயே தைத்துவிடுவார். எனக்கு வீட்டில் அதையெல்லாம் பார்க்க ஆள் இல்லை. அவர் வரும் நாளில் நானே பொத்தானைப் பிய்த்துக்கொண்டு போனதும் உண்டு.

போன வருடம் பேட்டரி தீரும் கட்டத்துக்கு வந்தது. அப்படியென்றால் பழையதை மொத்தமாக எடுத்துவிட்டுப் புதிது வைக்க வேண்டும். லேசாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் முகம் சுண்டிப்போனது.

"பிள்ளைய எடுத்துட்டு வேற பிள்ளைய வெச்சுக்கோன்னா எப்படி தம்பி?"

பாவமாக இருந்தது. "சும்மா சொன்னேம்மா, பையன் பாஸ்" என்றேன். திரையில் சிவப்பு எச்சரிக்கை வந்தது. ரிப்போர்ட்டில் நல்ல நிலை என்று எழுதினேன். அடுத்த முறையும் அதேதான். கிறுகிறுப்பு வருகிறது என்றார். வெயில் என்றேன்.

புதுக் கருவி வீட்டிலிருந்தே தகவல் அனுப்பிவிடும், அவர் என்னிடம் வரவே தேவையில்லை, அது உண்மைதான். அதற்காக மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதீர்கள்.

தையல் மிஷின் மேலேயே சாய்ந்து கிடந்தாராம். பெரியவன் வந்து அழுதான். அவனைவிட நான் அதிகம் அழுதேன். சரி, எழுதிக்கொள்ளுங்கள்: பேட்டரி நின்றால் உயிர் நிற்கும் என்று தெரிந்தேதான் மறைத்தேன். ஆனால் தாயையும் பிள்ளையையும் நான் பிரிக்கவில்லை.

கொஞ்சம் சீக்கிரம் விட்டால் நல்லது சார். தன் கருவியைப் பேத்தி என்று கொஞ்சும் தாத்தா ஒருவர் இன்று செக்கப்புக்கு வருவார். அவருக்குப் போன தடவையே சிவப்பு வந்துவிட்டது. நான் இல்லையென்றால் மனுஷர் ஏங்கிப்போவார்.