பராமரிப்பவர்: தர்மாஜி

எனக்குச் சர்க்கரை வேண்டாம், இபு ரெத்னோ. நிறுத்தி மூன்று வருடமாகிறது. இஞ்சி மட்டும் போதும். இந்தப் போலீஸ் ஸ்டேஷனில் தேநீர் நன்றாகப் போடுகிறார்கள், அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

முதலிலிருந்தே சொல்கிறேன். என் பெயர் தர்மாஜி, வயது ஐம்பத்தொன்று. இங்கே சலதிகாவில் ஒரு கல்லூரியின் கணினி அறையைப் பார்த்துக்கொள்கிறேன். அது வயிற்றுக்காகச் செய்வது. என்னுடைய உண்மையான வேலைக்குச் சம்பளம் கிடையாது. மெராந்தி என்று ஒரு லினக்ஸ் இருக்கிறது, கணினியை இயக்கும் இலவச அமைப்பு. ஊர் ஊராக இருக்கும் எங்கள் ஆட்கள் சேர்ந்து நடத்துவது. அதிலுள்ள ஒவ்வொரு மென்பொருளையும் யாராவது ஒருவர் பொறுப்பெடுத்து, பிழை பார்த்து, எல்லாருடைய கணினியிலும் ஒழுங்காக ஏறும்படி பொதியாகக் கட்டித் தர வேண்டும். பொதிக்குள்ளே ஒரு வரி இருக்கும். 'பராமரிப்பவர்' என்று போட்டுப் பக்கத்தில் ஒரு பெயர். பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்களை ஓட வைக்கும் சின்னப் பொதி ஒன்றில் பதின்மூன்று வருடம் அந்த இடத்தில் என் பெயர் இருந்தது.

மிகோ யாரென்று உங்களுக்குத் தெரியும். ஜத்மிகோ, முப்பத்து நான்கு வயது, செமாராங்கில் ஒரு மருந்துக் கிடங்கில் வேலை. அங்கே பட்டியல்களை அந்த மாதிரிப் பிரிண்டரில்தான் எடுக்கிறார்கள். ஒவ்வொரு தாளிலும் கடைசி வரி விழுவதில்லை, அதனால் கடைசி மருந்தின் பெயர் விட்டுப்போகிறது என்று எனக்கு எழுதினான். நான் பதில் போடவில்லை. உடனுக்குடன் பதில் போட்டால் ஜனங்களுக்குப் பொறுமை போய்விடும். அடுத்த மாதம் திருத்தத்தையும் அவனே எழுதி அனுப்பினான். நான்கே வரி. சரியாகத்தான் இருந்தது. அந்தத் தவறு முதல் நாளிலிருந்தே இருந்திருக்கிறது என்று கீழே குறித்திருந்தான். முதல் நாள் அதை எழுதியது நான்.

அதன் பிறகு நிர்வாகக் குழுவிலிருந்து மூன்று கடிதங்கள் வந்தன. நான் இன்னும் இருக்கிறேனா என்று விசாரித்திருந்தார்கள். பதின்மூன்று வருடம் உழைத்தவனிடம் கேட்கிற கேள்வி இல்லை அது. நான் பேசாமல் இருந்தேன். விதிப்படி என் பெயரை எடுத்துவிட்டு மிகோவின் பெயரைப் போட்டார்கள்.

அவனே போன் செய்தான். என்னை அண்ணன் முறையில் மாஸ் என்றுதான் கூப்பிடுவான்.

"மாஸ், நான் மிகோ பேசறேன். ஏழெட்டு மெயில் போட்டேன். உடம்பு கிடம்பு சரியில்லையோன்னு பயந்தே போயிட்டேன்."

"நல்லாத்தான் இருக்கேன்."

"அப்பாடா. நம்ம க்ரூப்புல பசங்க என்ன சொல்றானுங்க தெரியுமா? மாஸ் தர்மாஜி செத்தா சாவு நோட்டீஸும் அந்தப் பிரிண்டர்லதான் வரும், அதுலயும் கடைசி வரி இருக்காதுன்னு." சிரித்துவிட்டு உடனே குரலைத் தாழ்த்தினான். "சும்மா கிண்டல்தான் மாஸ். கோவிச்சுக்காதீங்க."

எனக்குக் கோபம் வரவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், கோபத்தில் செய்ததாக யாரும் நினைக்கக் கூடாது.

அவன் போன் செய்ததற்கு வேறு காரணம் இருந்தது. எங்களிடம் பொதியை நேராக ஏற்ற வேண்டுமென்றால் ஒரு மின்சாவி வேண்டும், கணினியிலேயே இருக்கும் ரகசியக் குறியீடு அது. அந்தச் சாவி இன்னாருடையதுதான் என்று மூத்த உறுப்பினர் ஒருவர், ஆளை நேரில் பார்த்து, அடையாள அட்டையைச் சரிபார்த்து, கையொப்பமிட வேண்டும். இந்தப் பக்கத்தில் அந்தத் தகுதி உள்ளவன் நான் ஒருவன்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் என் வீட்டுக்கு வரச் சொன்னேன்.

மழையில் நனைந்துகொண்டே மோட்டார் சைக்கிளில் வந்தான். செமாராங் லும்பியா ஒரு பெட்டி வாங்கி வந்திருந்தான். நான் இரண்டு சாப்பிட்டேன். அட்டையை நீட்டி, "போட்டோல இருக்கறது நான்தான் மாஸ், அப்ப கொஞ்சம் ஒல்லி" என்றான். எண்ணைச் சரிபார்த்தேன், முகத்தைச் சரிபார்த்தேன், கையொப்பமிட்டேன். அதற்குப் பிறகுதான் பொதியைப் பற்றிப் பேச்செடுத்தேன்.

"என் பேரைத் திரும்பப் போட்டுடு."

"தாராளமா மாஸ். ரெண்டு பேர் பேரையும் போடுவோம். உங்க பேருதான் முதல்ல. வேலைய நான் பாத்துக்கறேன், நீங்க தப்பு மட்டும் சொல்லுங்க."

பெருந்தன்மையாகத்தான் சொன்னான். ஆனால் இரண்டு பேர் பொறுப்பு என்றால் யாருக்கும் பொறுப்பில்லை என்று அர்த்தம். வேறு வழி இல்லை என்று எனக்குத் தெளிவாகிவிட்டது. சுத்தியல் மேசை இழுப்பறையில் இருந்தது. சனிக்கிழமையே அங்கே எடுத்து வைத்திருந்தேன்.

முதலில் முழங்காலில் அடித்தேன், எழுந்து ஓடக் கூடாது என்பதற்காக. தகரக் கூரையில் மழை பலமாக இருந்ததால் சத்தம் வெளியே போகவில்லை. அவன் தரையில் கிடந்தபடி என்னைப் பார்த்து, "எதுக்கு மாஸ்? தப்பு பண்ணியிருந்தா சொல்லுங்க மாஸ், மாத்திடறேன்" என்றான். குறை சொன்னால் உடனே திருத்திவிடுகிற பழக்கம் அவனுக்கு. அந்த விஷயத்தில் நல்ல பையன்.

சாவியின் கடவுச்சொல்லை ஒரு முறை மரியாதையாகக் கேட்டேன். சொல்லவில்லை. இடது கையில் இரண்டு விரல்களை நசுக்க வேண்டியிருந்தது. வலது கையைத் தொடவில்லை, தேவைப்பட்டால் அவனே தட்டச்சு செய்ய வேண்டியிருக்குமே. ஏழு சொற்கள் கொண்ட கடவுச்சொல். அழுதுகொண்டே சொன்னதால் புரியவில்லை, இரண்டாம் தடவை கேட்டு எழுதிக்கொண்டேன். அவனுடைய மடிக்கணினியில் போட்டுப் பார்த்தேன், திறந்தது. அதன் பிறகு அவனைக் காக்க வைக்கவில்லை. தலையில் மூன்று அடி. கொல்லைப்புறத்தில் கழிவுத் தொட்டிக்கு வெட்டிவைத்த குழி இருந்தது. மேலே சிமெண்ட் பூசி அந்த வேலையையும் முடித்துவிட்டேன். வண்டியைப் பேருந்து நிலையத்தில் விட்டுவிட்டு மினிபஸ்ஸில் வீடு வந்தேன்.

வியாழக்கிழமை அவன் சாவியால் புதிய பொதியை ஏற்றினேன். பராமரிப்பவர்: தர்மாஜி. 'எனக்கு நேரமில்லை, மாஸ் தர்மாஜி திரும்பி வந்துவிட்டார்' என்று அவன் எழுதுவதுபோல ஒரு குறிப்பும் சேர்த்தேன். குழுவில் எல்லாருக்கும் சந்தோஷம். அந்த நான்கு வரித் திருத்தத்தையும் எடுத்துவிட்டேன். கடைசி வரியைக் காலியாக விட்டுக்கொள்ளத் தெரியாதா ஜனங்களுக்கு? பதின்மூன்று வருடம் விட்டுக்கொண்டார்களே.

அவன் மனைவி வெனிங் அதற்குள் போலீசில் புகார் கொடுத்திருந்தாள். காணாமல் போனதாகச் சொல்லப்பட்ட ஆள் நான்கு நாள் கழித்து வேலை செய்திருக்கிறானே, எங்கோ ஓடிப்போயிருப்பான் என்று உங்கள் ஆட்கள் கோப்பை மூடிவிட்டார்கள். அதை நான் திட்டமிடவில்லை, தானாக அமைந்தது. அவள் மட்டும் அவன் மெயிலுக்கு எழுதிக்கொண்டே இருந்தாள். 'எங்க இருக்கீங்க? பாப்பா தினமும் வாசல்ல போய் நிக்கறா. என் மேல கோவம்னா திட்டிட்டாவது போங்க.' ஐந்து மாதம் பார்த்தேன். ஒரு பெண்ணை இப்படித் தவிக்க விடுவது சரியாகப் படவில்லை. 'வெனிங், என்னைத் தேட வேண்டாம், நான் நன்றாக இருக்கிறேன்' என்று அவன் பெயரில் பதில் அனுப்பினேன். அவளுக்காகச் செய்தது அது.

கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை என்று நீங்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அந்த ஒரு சொல்லை வைத்து அவள் உங்களிடம் வந்தாள், அந்த மெயில் எங்கிருந்து போனது என்று பார்த்து நீங்கள் என் கொல்லையைத் தோண்டினீர்கள். கெட்டிக்காரப் பெண். எனக்குப் பிழை சுட்டி எழுதுகிறவர்கள் யாரும் இத்தனை கவனமாக எழுதியதில்லை.

எழுதிக்கொள்ளுங்கள். ஜத்மிகோவைக் கொன்றது நான். யாரும் தூண்டவில்லை, யாரும் உதவவில்லை. கையெழுத்து எங்கே வேண்டுமோ அங்கே போடுகிறேன்.

இன்று காலை ஒரு தாளை என் முன்னால் வைத்தீர்கள். அந்தப் பொதி இருக்கிற கணினிகளின் எண்ணிக்கை, மெராந்தி தளத்திலிருந்தே எடுத்தது. பதினொன்று. இரண்டு என்னுடையவை, ஒன்று மிகோவின் கிடங்கில் இருப்பது. இதற்காகவா என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்லாததற்குக் காரணம், அந்தத் தாளை உங்களுக்குப் படிக்கத் தெரியவில்லை. இதைப் பயன்படுத்துகிறோம் என்று தாமாக முன்வந்து தெரிவிப்பவர்களை மட்டும்தான் அதில் எண்ணுவார்கள், இபு. தெரிவிக்காதவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். என்னை இங்கே உட்கார்த்தி வைத்துவிட்டால் அவர்களை யார் பார்த்துக்கொள்வது?